கலிங்கு, மடை, கரை: வாசகர் கேள்வி பதில்

ஏரி, கண்மாய் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூர்வாருவதைப் பற்றியவை. கலிங்கைப் பற்றி, அதாவது நிறைந்த கண்மாயின் மிகைநீர் வழிந்து வெளியேறும் கல் கட்டுமானத்தைப் பற்றி, வந்தது ஒன்றே ஒன்று. கரை உடைவதற்கும் உடையாமல் நிற்பதற்கும் அதிகம் காரணமாக இருப்பது கலிங்குதான் என்பதால் அந்தக் கடிதத்தையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் கண்மாய்க் கலிங்கின் மேல் வருடாவருடம் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி உயர்த்துகிறோம். கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது. பொறியாளர் வந்து எடுக்கச் சொல்கிறார். ஓர் அடியில் என்ன ஆகிவிடும்? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

ஆசை நியாயமானதுதான். நீர் பரவும் இடம் 100 ஏக்கர் என்றால், ஓர் அடி உயர்த்தினால் 43.56 லட்சம் கன அடி கூடுதலாக நிற்கும். ஏறக்குறைய 25 ஏக்கர் நெல்லை அறுவடை வரை கொண்டுபோகும் தண்ணீர் அது.

இப்போது மறுபக்கம். கலிங்கின் நீளம் 60 அடி, பெருவெள்ளத்தில் அதன் மேல் 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் போகலாம் என்று கட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அப்படிப் போகும்போது விநாடிக்குச் சுமார் 520 கன அடி வெளியேறும். மூட்டை அடுக்கி ஓர் அடியை அடைத்துவிட்டால், அதே வெள்ள மட்டத்தில் மூட்டைக்கு மேல் மிச்சம் ஓர் அடிதான். பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. வெளியேறுவது சுமார் 185 கன அடி, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. உயரம் குறையும்போது தண்ணீரின் வேகமும் சேர்ந்து குறைவதால் வரும் இழப்பு இது.

மீதித் தண்ணீருக்குப் போக வழியில்லை. கண்மாய் மட்டம் இன்னும் ஓர் அடி ஏறினால்தான் பழைய 520 கன அடி வெளியேறும். உங்கள் கரையின் தலை வெள்ள மட்டத்துக்கு 2 அடி மேலே இருந்தால் அந்த 2 அடி இப்போது ஓர் அடியாகிவிடும். ராத்திரி காற்று அடித்து அலை எழும்பினால் அந்த ஓர் அடியும் போய்விடும். கரையில் எங்காவது வண்டித் தடம் பதிந்து பள்ளமாக இருக்கும். தண்ணீர் முதலில் வழிவது அங்கேதான். மண் கரை மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவு அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். அதன் பிறகு மண்வெட்டியோடு யாரும் பக்கத்தில் போகவே முடியாது.

"வெள்ளம் வந்தால் மூட்டையே அடித்துக்கொண்டு போய்விடும்" என்பார்கள். போகாது. நனைந்த மூட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தி உட்கார்ந்துவிடும். மேலே இருந்து குப்பையும் கருவேல முள்ளும் வந்து அதில் சொருகிக்கொள்ளும்.

பழைய கலிங்குகள் சிலவற்றில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பலகையோ களிமண்ணோ புல் கரணையோ வைத்து அடைப்பதற்காக நட்டவை. வெள்ள பயம் தீர்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில், வடிந்துகொண்டிருக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்க அடைப்பார்கள். ஐப்பசியில் அடைப்பதில்லை. நிரந்தரமாக ஓர் அடி வேண்டுமென்றால் கலிங்கை நீட்ட வேண்டும். ஓர் அடி ஓட்டத்திலேயே 520 கன அடி போக 60 அடிக் கலிங்கு 170 அடியாக வேண்டும். கரையையும் வலுப்படுத்த வேண்டும், மேல்பக்கம் யார் நிலம் மூழ்கும் என்றும் பார்க்க வேண்டும். துறை மூலம் மதிப்பீடு போட்டுச் செய்கிற வேலை அது. மூட்டையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கரையின் வெளிப்புறம் அடியில் ஈரம் எப்போதும் இருக்கிறது. எப்போது பயப்பட வேண்டும்? ராத்திரியில் திடீரென்று ஊற்றுக் கிளம்பினால் என்ன செய்வது? (வாசகர், மதுராந்தகம்)

மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிந்து, தினமும் ஒரே அளவில் இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு கவனியுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரையின் உள்ளிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. கலங்கல் தண்ணீர், நாளுக்கு நாள் பெருகும் தண்ணீர், தரையில் சிறு எரிமலை வாய் போல மணல் குமிழ்ந்து வட்டமாகக் குவிவது ஆகிய மூன்றும் ஆபத்துக் குறிகள்.

ஊற்றுக் கிளம்பினால் நம் கை தானாகப் போவது அதன் வாயை அடைக்கத்தான். களிமண்ணையோ சாக்கையோ வைத்து வெளிப்புற வாயை அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி, அது இரண்டு முழம் தள்ளி வேறு வாய் திறக்கும். செய்ய வேண்டியது மண்ணை நிறுத்தித் தண்ணீரைப் போகவிடுவது. முதலில் ஊற்றின் மேல் பெருமணல் அரை அடி, அதன் மேல் சின்ன ஜல்லி அரை அடி, அதன் மேல் பெரிய கல். இந்த வரிசை மாறக் கூடாது. ஜல்லியை முதலில் போட்டால் மண் அதன் இடுக்கு வழியே வந்துவிடும். தட்டைத் தரையில் குமிழ்கிற ஊற்றாக இருந்தால் சுற்றிலும் மூட்டையை வட்டமாக அடுக்கி 2, 3 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்குங்கள். தேங்கிய தண்ணீரின் எதிர் அழுத்தத்தில் ஊற்றின் வேகம் தணியும். வட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு குழாய் வைத்து மிச்சத்தை வெளியே விடுங்கள்.

அதே நேரம் இரண்டு பேர் கரையின் உள்பக்கம் போக வேண்டும். நீரின் மேல் பதரையோ உமியையோ தூவி டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கே சுழன்று உள்ளே இழுக்கிறது என்று தெரியும். அந்த இடத்தில் தார்ப்பாயின் ஒரு விளிம்பில் மூட்டைகளைக் கட்டிச் சரிவோடு உருட்டி இறக்கினால், தண்ணீரே அதை வாயில் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் மூட்டை அடுக்குங்கள். எல்லா மடைகளையும் (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகுகளை) திறந்து மட்டத்தை இறக்குங்கள். கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்த பிறகு அல்ல.

"வேறு இடத்தில் கரையை வெட்டி விட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். மண் கரையில் வெட்டிய வாய் வெட்டிய அகலத்தில் நிற்காது.

கேள்வி: மடைக்குப் பக்கத்தில் மட்டும் கசிகிறது. ஷட்டரை மாற்றியும் நிற்கவில்லை.

ஷட்டரை முழுக்க மூடிவிட்டு வெளிப்பக்கம் வந்து பாருங்கள். மடைக் குழலுக்குள்ளிருந்து தண்ணீர் வந்தால் ஷட்டர் சரியாக உட்காரவில்லை (பெரும்பாலும் சாக்கோ கட்டையோ இடுக்கில் சிக்கியிருக்கும்) அல்லது குழலில் விரிசல். குழல் காய்ந்திருந்து, அதை ஒட்டிய சுவரோரம் மண் ஊறியிருந்தால் குழலின் வெளிப்பக்கத்தை ஒட்டித் தண்ணீர் வழி கண்டுபிடித்திருக்கிறது. இரண்டாவதுதான் மோசம். கல்லும் மண்ணும் ஒட்டாத இடம் அது.

சிமென்ட் பூசி அதை நிறுத்த முடியாது. கோடையில் கண்மாய் வற்றியதும் குழல் தெரியும்வரை கரையை இரு பக்கமும் சரிவாக வெட்டித் திறந்து, குழலைச் சுற்றிக் காங்கிரீட் கழுத்துப்பட்டைகள் இரண்டு மூன்று கட்டி, பிசைந்த களிமண்ணைச் சுற்றிலும் அரை அரை அடியாகப் போட்டு இடித்து மூட வேண்டும். குழலின் அடிப்பக்கத்து மூலைகளில் இயந்திரம் நுழையாது, கைத்திமிசுதான். அவசரமாக முடிக்கும் ஒப்பந்ததாரர் விட்டுவிடுகிற இடமும் அதுவே. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரையை உயர்த்தப் போகிறோம். கண்மாய்க்குள் எடுக்கும் வண்டல் நிறைய இருக்கிறது. அதையே கரையில் போடலாமா? (வாசகர், திருமங்கலம்)

வேண்டாம். வண்டல் வயலுக்குப் பொன், கரைக்கு ஆகாது. நனைந்தால் குழைந்து வழியும், காய்ந்தால் பொடியும். கரிசல் மட்டும் போட்டால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மணல் சொல்லவே வேண்டாம். களி கலந்த செம்மண், கொஞ்சம் சரளையோடு இருப்பது நல்லது.

சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. அகல வாய்ப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் அதற்கும் மேல் வழவழப்பாகப் படிந்திருப்பது களி. மொத்தப் படிவில் களி ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் அந்த மண்ணை எடுக்கலாம்.

பழைய கரையின் மேல் புல், வேர், பொடி மண் அரை அடியாவது செதுக்கி எடுத்துவிட்டு, சரிவைப் படிக்கட்டுப் போல வெட்டிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் லாரியிலிருந்து கொட்டித் தட்டிவிட்டால், புதுமண் பழைய சரிவின் மேல் ஒரு போர்வை போலத்தான் கிடக்கும். முதல் மழையில் போர்வை நழுவும். மண்ணை முக்கால் அடிக்குப் பரப்பி, அரை அடியாகும்வரை இறுக்குங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடிந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், சப்பையாக ஒட்டிக்கொண்டால் ஒரு நாள் காயவிட வேண்டும். களிமண்ணுக்கு ஆட்டுக்கால் உருளைதான் (முளைகள் பதித்த இரும்பு உருளை) ஏற்றது. டிராக்டர் நாலு முறை ஓடியதை இறுக்கம் என்று கணக்கெழுதுகிறார்கள். சக்கரம் போன தடம் மட்டும்தான் இறுகியிருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் மண் அமரும் என்பதால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுங்கள்.

உயர்த்துவதற்கு முன் ஒரு கணக்கு. கரைக்குள் தண்ணீர் ஊறி இறங்கும் கோட்டைத் தோராயமாக 4 அடிக்கு 1 அடி இறக்கம் என்று வைப்பார்கள். கரை உயரம் 14 அடி, நீர் 10 அடி, தலை அகலம் 6 அடி, உள்சரிவு ஒன்றுக்கு இரண்டு (ஓர் அடி உயரத்துக்கு 2 அடி அகலம்), வெளிச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்றால், நீர் தொடும் இடத்திலிருந்து வெளி அடிவாரம் வரை உள்ள தூரம் உள்சரிவில் 8, தலையில் 6, வெளிச்சரிவில் 21 என்று 35 அடி. ஊறல் கோடு தரையைத் தொட 40 அடி வேண்டும். ஆகவே அது வெளிச்சரிவிலேயே, தரைக்கு 2 அடி மேலே, தலைகாட்டும். அந்த இடம் எப்போதும் சொதசொதவென்று இருந்து ஒருநாள் சரியும். வெளிச்சரிவையும் ஒன்றுக்கு இரண்டாக ஆக்கினால் 42 அடி கிடைக்கிறது, கோடு கரைக்குள்ளேயே முடிகிறது. கரையை உயரமாக்க வேண்டும் என்று கேட்கும் ஊர்கள் பலவற்றில் உண்மையில் தேவைப்படுவது கரையை அகலமாக்குவது.

மண்ணைக் கரை அடிவாரத்திலிருந்து தோண்டி எடுக்காதீர்கள். உள்ளே, வெளியே எந்தப் பக்கமாக இருந்தாலும் கரை உயரத்தில் 5 மடங்காவது தள்ளிப் போங்கள்.

கேள்வி: எலி வளை, நண்டு வளையை எப்படி மூடுவது?

வாயில் கல்லைத் திணித்து மண் பூசுவது மூடுவது ஆகாது. உள்ளே குகை அப்படியே இருக்கும். வளை முடியும் இடம் வரை வெட்டிப் போய், அரை அரை அடியாக ஈர மண் போட்டு இடித்துக்கொண்டே வெளியே வாருங்கள். ஆவணியில் கரைச் செடிகொடிகளை வெட்டி ஒருமுறை நடந்து பார்த்தால் வளைகள் எல்லாம் கண்ணில் படும். புதரை வெட்டாமல் பார்வையிட்டோம் என்று சொல்வதில் பொருளில்லை.

கேள்வி: கரையில் பனை வைக்கலாமா? சீமைக் கருவேலத்தை என்ன செய்வது? (வாசகி, விளாத்திகுளம்)

பனைக்கு ஆணிவேர் ஓடாது, சல்லிவேர்தான். மண்ணைப் பிடிக்கும், ஆனால் தண்ணீர் தேக்குகிற உடலுக்குள் எந்த மரமும் வேண்டாம். வெளி அடிவாரத்தில் வையுங்கள். தலையிலும் உள்சரிவிலும் வைக்காதீர்கள். மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்த வேர் இருந்த வழி குழாயாகிவிடும். தலையில் ஏற்கெனவே நிற்கும் கிழட்டுப் பனைகளைத் தொட வேண்டாம். தவிர, பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருக்கிறது.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். கரையில் பிடுங்கினால் உண்டாகும் குழியை அன்றைக்கே, மேலே சொன்னபடி அடுக்கடுக்காக இறுக்கி மூடுங்கள். பிடுங்கிவிட்டு அப்படியே விட்ட குழி, மரத்தைவிடக் கெடுதல். வெளிச்சரிவுக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். உள்சரிவில் அலைகல் பாவுங்கள். கல்லுக்கு அடியில் அரை அடி சரளை இல்லாவிட்டால் அலை கல்லிடுக்கு வழியே மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும், கல் ஒவ்வொன்றாகச் சரியும்.

கேள்வி: இரண்டு வருடம் முன் நன்றாக ஆழப்படுத்தினோம். ஆனாலும் கண்மாய் நிறையவில்லை, பாய்ச்சலும் கூடவில்லை. ஏன்? (வாசகர், முதுகுளத்தூர்)

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியே வயலுக்கு வராது. கால்நடைக்கும், மீனுக்கும், கிணற்று ஊற்றுக்கும் உதவும், அவ்வளவுதான். இன்னொன்று: கண்மாய் அடியில் பல காலமாகப் படிந்த களி ஒரு பாய் மாதிரி. அதைக் கிழித்து அடியில் இருக்கும் மணலைத் தொட்டுவிட்டால், நாலு மாதம் நின்ற தண்ணீர் இரண்டு மாதத்தில் இறங்கிவிடும். ஆகவே தூர்வாரும் முன் பத்திருபது இடத்தில் குழி போட்டு வண்டல் எவ்வளவு, அதன் கீழ் என்ன மண் என்று பாருங்கள். வண்டலை மட்டும் எடுங்கள்.

நிறையாததற்குக் காரணம் அநேகமாகக் கண்மாய்க்குள் இல்லை. வரத்துக்காலை (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை) அதன் தலை வரை நடந்து பாருங்கள். சாலை குறுக்கிடும் ஒவ்வொரு பாலத்திலும் குழாயின் அடி வாய்க்கால் அடியைவிட மேலே இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒன்றரை அடி தூக்கிப் பதித்த ஒரு குழாய் போதும், சிறு மழைகள் எல்லாம் அந்தப் பக்கமே தேங்கி வேறு ஓடைக்குத் திரும்பிவிடும். சிறு மழைகள்தான் கண்மாயை நிரப்புகின்றன. பெருமழை பாதி மறுகால் போய்விடும் (கலிங்கு வழியே வழிந்துவிடும்).

வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க 2017 முதல் வழி இருக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்று அளவு வைத்தார்கள். ஒரு டிராக்டர் லோடு 3 கன மீட்டர் என்பது கணக்கு. 2024இலிருந்து வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம். வயலில் ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி, கோடை உழவில் கலந்துவிடுங்கள்.

கேள்வி: மடை திறந்தால் முதல் மாதம் எல்லாருக்கும் பாய்கிறது. பிறகு கடைமடைக்கு வருவதில்லை. நீர்க்கட்டி மேல்தான் எல்லாரும் பாய்கிறார்கள்.

தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற அந்த நீர்க்கட்டி பாவம். மடைத் துளை 6 அங்குல விட்டம் என்றால், மேலே 6 அடித் தண்ணீர் நிற்கும்போது விநாடிக்குச் சுமார் 2.3 கன அடி வரும். அதே துளையில் ஒன்றரை அடி நிற்கும்போது 1.15 கன அடிதான். 2.3 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 27 ஏக்கருக்கு 2 அங்குலம் கட்டலாம். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு குடித்துவிடும், ஆக 18 ஏக்கர். மட்டம் இறங்கியபின் அது 9 ஏக்கர். முறையை மட்டும் பழைய மணிக்கணக்கிலேயே வைத்திருந்தால் கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும்? மட்டம் கால்வாசிக்கு இறங்கியதும் ஒருவருக்கான நேரத்தை இரட்டிப்பாக்கி, முறை நாளைத் தள்ளிப்போடுங்கள். மடைச் சுவரில் அடிக்கணக்கு எழுதி, எந்தக் கோட்டில் எத்தனை மணி என்று தை மாதத்துக்கு முன்பே கூட்டம் போட்டு எழுதிக்கொண்டால் சண்டை குறையும்.

கேள்வி: கண்மாய்க்குள் துளை போட்ட குறுக்குக் கல்லோடு இரண்டு கல்தூண் நிற்கிறது. இடைஞ்சல், எடுத்துவிடலாமா?

குமிழித் தூம்பு அது. தரையில் கல்தொட்டி, அதன் துளையை மூடும் கல், அந்தக் கல்லைத் தூக்கும் கம்பு ஏறி இறங்க மேலே குறுக்குக் கல். தொட்டியில் மேல் துளை நீரோடி, அடியில் உள்ள சிறு துளை சேறோடி. தண்ணீரோடு சேற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் ஏற்பாடு. தூணை எடுக்காதீர்கள். எடுத்தாலும், தூம்பிலிருந்து கரைக்கு அடியில் போகும் கல் சுரங்கம் அப்படியே கிடக்கும். பயன்படுத்தாத தூம்பாக இருந்தால் சுரங்கத்தின் உள்வாய் சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பொறியாளரை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கண்மாய் யார் பொறுப்பு?

ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். தமிழகத்தின் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் 14,000க்குச் சற்று மேல் துறையிடம், மற்றவை ஒன்றியங்களிடம்.

கேள்வி: "துருசு", "வான்" என்று இலங்கைச் செய்திகளில் வருகிறதே, என்ன அது?

வன்னிப் பக்கம் மடையைத் துருசு என்பார்கள், கலிங்கை வான் என்பார்கள், கரையைக் குளக்கட்டு என்பார்கள். "குளம் வான் பாய்கிறது" என்றால் நம் ஊரில் மறுகால் போகிறது.

கேள்வி: மாடுகள் ஏறி இறங்கிக் கரை தேய்கிறது. வேலி போடலாமா?

வேலியை ஒரே மாதத்தில் பிரித்துவிடுவார்கள், மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே. கரையின் உயரம் குறைந்த கோடியில், மடைக்கும் கலிங்குக்கும் தள்ளி, 10 அடி அகலத்துக்குக் கல் பாவிய படுத்த சாய்வு ஒன்று அமைத்துக் கொடுங்கள். கரைத் தலை அங்கே தாழ்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.